கியர் பெட்டியா, கிளட்ச்சா? என்ஜினைப் பிரிக்குமுன் பாருங்கள்



உணவு விநியோகம் செய்பவர்களுக்கும், விடியற்காலையில் ஜோகூரிலிருந்து கடற்பாலம் தாண்டி வேலைக்கு வருபவர்களுக்கும் மோட்டார் சைக்கிள்தான் சோறு போடுகிறது. அது இரண்டு நாள் பட்டறையில் நின்றால் இரண்டு நாள் வருமானம் போய்விடும்.

கியர் சரியாக விழவில்லை என்றதும், "கியர்பாக்ஸ் போச்சு" என்று பலர் முடிவுகட்டி விடுகிறார்கள். கிளட்ச் இருப்பது என்ஜினின் பக்க மூடிக்குள். கியர் பெட்டியைப் பார்க்க, பல வண்டிகளில் என்ஜினையே கழற்றிப் பிளக்க வேண்டும். செலவில் எவ்வளவு வித்தியாசம் என்று நான் சொல்லத் தேவையில்லை. எனவே, கோளாறு எங்கே என்று முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

கிளட்ச் பிடியிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலான கேபிள் வண்டிகளில் பிடியின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை தளர்வு இருக்க வேண்டும். தளர்வே இல்லையென்றால் கிளட்ச் வழுக்கும். அதிகமானால் முழுதாக விடுபடாது. கேபிளின் முனையில் இழைகள் அறுந்திருந்தால் உடனே மாற்றிவிடுங்கள்.

அடுத்து, போக்குவரத்து இல்லாத சாலையில் மேல் கியரில் மெதுவாகச் சென்று, ஆக்சிலரேட்டரை நன்றாகத் திருகுங்கள். என்ஜின் அலறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. கடற்பால நெரிசலிலும், ஞாயிறு மாலை சிராங்கூன் சாலையிலும் பிடியைப் பாதி அழுத்தியபடியே ஊர்ந்து செல்பவர்களுக்கு பிளேட்டுகள் சீக்கிரம் தேயும். நின்றிருக்கும் நேரத்தில் நியூட்ரலுக்கு மாற்றிவிடுங்கள்.

பிளேட் தேயாமலேயே வழுக்குவதும் உண்டு. பெரும்பாலான கியர் வண்டிகளில் கிளட்ச் என்ஜின் எண்ணெயில்தான் மூழ்கியிருக்கிறது. எரிபொருள் சிக்கனத்துக்காக உராய்வைக் குறைக்கும் கார் எண்ணெயை ஊற்றினால் பிளேட்டுகள் பிடிக்காமல் போகலாம். ஜப்பானியர்கள் 1998ல் வகுத்த ஜேசோ தரக்குறியீட்டை டப்பாவில் பாருங்கள். எம்ஏ என்று இருப்பது கியர் வண்டிக்கு. எம்பி என்று இருப்பது ஸ்கூட்டர்களுக்கு.

சிக்னலில் நியூட்ரல் கிடைக்காமல் தவிக்கிறீர்களா? இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. என்ஜினை அணைத்துவிட்டு, வண்டியை முன்னும் பின்னும் லேசாக அசைத்தபடி நியூட்ரலுக்குத் தட்டுங்கள். அப்போது சுலபமாக விழுந்தால், கியர் பெட்டியைச் சந்தேகிக்க வேண்டாம். கிளட்ச்தான் முழுதாக விடுபடவில்லை. பிடியை முழுதாக அழுத்தியும் முதல் கியரில் வண்டி முன்னே ஊர்ந்தால் அதுவும் இதே கோளாறுதான். என்ஜின் அணைந்திருக்கும்போதும் விழ மறுத்தால், கியர் மிதியையும் அதன் இணைப்புக் கம்பியையும் பாருங்கள். அவை சரியாக இருந்தால்தான் உள்ளே பார்க்க வேண்டும்.

தளர்ந்த செயினும் ஏமாற்றும். ஆக்சிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போது வரும் 'டக்' என்ற உதறலைக் கியர் கோளாறு என்று நினைப்பவர்கள் உண்டு. நின்ற வண்டியில் முதல் கியர் போடும்போது கேட்கும் சிறு 'கடக்' சத்தம் பெரும்பாலும் இயல்பானது.

கியர் பெட்டிக் கோளாறுக்கு அடையாளம் வேறு. குறிப்பிட்ட ஒரே கியர் மட்டும், வேகம் எடுக்கும்போது தானாக வெளியே துள்ளி விழும். கியர்களைக் கவ்வும் பற்கள் தேய்ந்திருக்கலாம். அவற்றைத் தள்ளும் கவை வளைந்திருக்கலாம். எண்ணெய் மாற்றும்போது மெல்லிய சாம்பல் நிறப் பசை தெரிந்தால் பயமில்லை. உலோகச் சில்லுகள் வந்தால் வண்டியை எடுக்காதீர்கள். தீவு விரைவுச்சாலையில் பின்னால் லாரி வரும்போது கியர் கழன்றால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

பட்டறைக்குச் செல்லும்போது "கியர்பாக்ஸ் பாருங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தக் கியரில், வண்டி சூடான பிறகா முன்பா, என்ஜின் ஓடும்போதா அணைந்திருக்கும்போதா என்று சொல்லுங்கள். நல்ல மெக்கானிக்குக்கு அதுவே பாதி வேலை. உங்களுக்கும் வீண் செலவு மிச்சம்.