கடனே என்று



பட்டமளிப்பு விழா மேடையில் நிற்பவர் பட்டதாரிகளை உயர்ந்த இலட்சியங்களை நோக்கி வாழ்த்தியனுப்புவது சம்பிரதாயம். அந்த வாழ்த்து என் நெஞ்சிலும் நிறைய உண்டு. ஆயினும், முப்பத்துநான்கு ஆண்டுகள் வங்கிக் கிளைகளில் உத்தியோகம் பார்த்து, அவற்றுள் பெரும்பகுதியைக் கல்விக்கடன் மனுக்களுக்கு மத்தியிலேயே கழித்துவிட்ட எனக்கு, உங்கள் முகங்களைப் பார்க்கும்போது வேறொரு விஷயமே முன்வந்து நிற்கிறது. உங்களில் பலர் பட்டத்தோடு கடனையும் சுமந்துகொண்டு இம்மண்டபத்தை விட்டு வெளியேறுகிறீர்கள். உங்களில் சிலருக்கேனும், அக்கடனை அடைப்பதற்கென்று கிடைக்கும் முதல் உத்தியோகம் மனத்துக்கு ஒவ்வாததாக அமையும். அப்போது அதில் இருப்பதா, விட்டுவிடுவதா என்று இரவில் தூக்கமின்றிப் புரளும் ஒருவருக்காகவே இன்று பேச விரும்புகிறேன்.

மனம் ஒட்டாமல் ஒரு காரியத்தைச் செய்பவனைப் பார்த்து, "கடனே என்று செய்கிறான்" என்பது நம் வழக்கு. புறநானூற்றின் 312-ஆம் பாட்டிலே தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் அரசனுக்கும் வீட்டு மகனுக்கும் உரிய பணிகளைப் பொன்முடியார் இச்சொல்லாலேயே குறிக்கிறார்; அங்கே வெறுப்பின் நிழல்கூட அதன்மேல் விழவில்லை. கடமை என்று நின்ற சொல் திருப்பித் தரவேண்டிய பணத்துக்கும், பிறகு உயிரற்ற உழைப்புக்கும் எவ்வாறு பெயராயிற்று என்பதை மொழிநூலார் ஆராயட்டும். ஆனால் அம்மூன்று பொருளும் ஒரே மனிதனின் நெஞ்சில் குடியேறி, அவன் கடன்பட்ட காரணத்தால் கடனே என்று உழைத்து, அவ்வாறு உழைப்பதே தன் கடன் என்றும் நம்பிவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஒருநாள் மாலை, வரவு செலவு நேரம் முடிந்து கதவை முக்கால்வாசி சாத்திய பிறகு, ஓர் இளைஞன் உள்ளே வந்தான். நெசவாளர் வீட்டுப் பிள்ளை. தறிச் சத்தத்துக்கிடையே படித்து, அந்தத் தெருவிலேயே முதன்முதலாகப் பொறியியல் பட்டம் பெற்றவன். வெளியூரில் இரவு வேலை. கண்கள் சிவந்திருந்தன. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. வெகுநேரம் நின்றுவிட்டு, "சார், நான் வேலையை விட்டுட்டா எங்க அப்பாவைப் போலீஸ் பிடிச்சுக்கிட்டுப் போயிடுமா?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வியின் கனம் எனக்கு உடனே விளங்கவில்லை. "அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி, பாக்கி எவ்வளவு இருக்குன்னு தெரியுமா?" என்றேன். தெரியாது என்றான். மாதந்தோறும் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வருமே என்றதற்கு, அதைத் திறந்து பார்க்கும் துணிவு இல்லாமல் அப்படியே அழித்துவிடுவதாகச் சொன்னான். இயந்திரங்களின் வேகத்தையும் வெப்பத்தையும் தசமப் புள்ளி பிசகாமல் கணக்கிடக் கற்றவன், தன் வாழ்க்கையை அழுத்தும் ஒரே எண்ணை ஈராண்டுகளாகப் பார்க்காமல் இருந்திருக்கிறான்! கடனுக்குப் பயந்தவன் என்று அவனைச் சொல்ல முடியாது. எவ்வளவென்று அறியாத கடனுக்கு எல்லையும் இல்லையாதலால், எல்லையற்ற ஒன்றுக்கே அவன் பயந்துகொண்டிருந்தான்.

இருவருமாக அமர்ந்து கணக்கைப் பார்த்தோம். அவனுடைய சரியான தொகையைச் சொல்வது முறையன்று; உங்களுக்கு விளங்கும்படி வேறொன்றைச் சொல்கிறேன். தவணை தொடங்கும் நாளில் கணக்கில் 5 லட்சம் ரூபாய் நிற்கிறது, வட்டி ஆண்டுக்கு 10 சதவிகிதம், தவணைக்காலம் பத்தாண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை ஏறக்குறைய 6,608 ரூபாய். முதல் மாதத்தில் அதில் 4,167 ரூபாயை வட்டியே விழுங்கிவிட, அசலில் கழிவது 2,441 ரூபாய்தான். ஓராண்டு கட்டியும் கடன் குறையவில்லையே என்று பலர் மனம் இடிந்துபோவதற்குக் காரணம் இதுவே. காலத்தைப் பதினைந்து ஆண்டாக நீட்டினால் தவணை 5,373 ரூபாயாக இறங்கும். ஆனால் மொத்தத்தில் 1,74,000 ரூபாய் அதிகமாகக் கட்ட நேரும். மாதம் 1,235 ரூபாய் மூச்சு விடுவதற்கு அந்த விலை தகுமா என்பது அவரவர் நிலைமையைப் பொறுத்தது. தாங்க முடியாத ஓரிடத்தை விட்டுச் சம்பளம் குறைந்த வேறோரிடத்துக்குப் போக அது வழி செய்யுமானால், தகும் என்பதே என் அபிப்பிராயம்.

அவன் எழுந்து செல்லும்போது சொன்ன வார்த்தை இது: "இவ்வளவுதானா சார்?" தொகை சிறியதன்று. அதற்கு ஓர் எல்லை உண்டு என்று அறிந்ததே அவனுக்குப் பெரிய விடுதலையாக இருந்தது.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை வற்புறுத்த வேண்டும். செங்கற்சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணம் கொடுத்து, அது தீருமட்டும் வேறெங்கும் போகவொட்டாமல் குடும்பத்தையே பிடித்துவைத்த கொடுமையை நம் மாநிலம் நன்கு அறியும். அம்முறையை ஒழிக்கவே 1976-இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. அங்கே கடன் கொடுத்தவனும் வேலை வாங்கியவனும் ஒருவனே. ஆகவே கடனே சங்கிலியாயிற்று. உங்கள் கடனோ அத்தகையதன்று. வங்கி தவணையைக் கேட்கும். அதை எந்த முதலாளியிடம் சம்பாதித்தாய் என்று கேட்காது. பிடிக்காத நிறுவனம் ஒன்றைத் தன் எஜமானாக ஆக்கிக்கொள்ளும்படி எந்தக் கடன் பத்திரத்திலும் எழுதியிருக்கவில்லை. அந்த வரியை நம் பயமே எழுதிக்கொள்கிறது. ஆதலால், எப்போது விடலாம் என்பதைச் சொல்லும் அதிகாரத்தைக் கடனுக்குக் கொடுங்கள். விடலாமா என்பதைச் சொல்லும் அதிகாரத்தை அதற்குக் கொடாதீர்கள்.

இதை நான் தொடக்கத்திலேயே அறிந்திருந்தேன் என்று எண்ணிவிட வேண்டாம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் இதே பிரச்சினையோடு என்னிடம் வந்தாள். ஒரு நிதி நிறுவனத்தில் அவளுக்கு வேலை. ஓய்வூதியம் வாங்கும் முதியவர்களிடம், அவர்களுக்கு விளங்காத திட்டங்களை, உண்மையைப் பாதி மறைத்து விற்கும்படி அவளை நிர்ப்பந்தித்தார்கள். "அந்தத் தாத்தா என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டாரு சார்," என்று அவள் சொன்னபோது குரல் உடைந்தது. நானோ, அவள் தவணை தவறாமல் வரவேண்டும் என்ற உத்தியோகபூர்வமான கவலையில், "கொஞ்சம் பொறுத்துக்கோம்மா, கடன் முடியட்டும்" என்று சொல்லி அனுப்பினேன். அவள் பொறுத்துக்கொண்டாள். கடனும் முடிந்தது. கடைசித் தவணையைக் கட்டிவிட்டு, கடன் தீர்ந்ததற்கான சான்றை வாங்க வந்தவள் என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. அலுப்பூட்டும் வேலை, தூரமான வேலை, சிடுசிடுக்கும் மேலதிகாரி, இவையெல்லாம் கணக்குப் போட்டு, காலம் பார்த்து விடத்தக்கவை. ஒருவனைப் பொய் சொல்ல வைக்கும் வேலை அந்தக் கணக்கில் சேராது. அதை விட்ட பிறகுதான் கணக்குப் போட வேண்டும். அன்று அவளிடம் சொல்லத் தவறியதை இன்று உங்களிடம் சொல்கிறேன்.

பொறுத்திருத்தலை நான் இழிவாகப் பேசவில்லை. உ.வே. சாமிநாதையர், தம் கல்யாணத்தால் குடும்பத்துக்கு நேர்ந்த கடனைத் தீர்க்கும் பொருட்டு, உயிரினும் மேலாக மதித்த ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைச் சில காலம் பிரிந்து, காரை என்னும் ஊரில் திருவிளையாடற் புராணப் பிரசங்கம் செய்ததை 'என் சரித்திரத்'தில் எழுதியிருக்கிறார். போனவர் திரும்பி வந்தார், பாடம் கேட்டார். அதை எண்ணி மகிழ்கிறோம். ஆனால் பிள்ளையவர்கள் 1876-இல் காலமாகிவிட்டார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம், அந்த அருமையான சில ஆண்டுகளிலிருந்து கடன் எடுத்துக்கொண்டு போன மாதங்கள் எனக்கு உறுத்துகின்றன. பொறுமைக்கும் விலை உண்டு. அது ரூபாயில் எழுதப்படுவதில்லை, அவ்வளவே.

வேலையை விடுவது என்று துணிந்தால், ஆறு தவணைக்குரிய பணத்தை, நான் சொன்ன உதாரணத்தில் சுமார் 40,000 ரூபாயை, தொடாமல் தனியே வைத்துக்கொண்டு விடுங்கள். தவணை தவறிய பின்பு ஓடி ஒளியாமல், தவறுவதற்கு முன்பே கிளைக்குச் சென்று நிலைமையைச் சொல்லுங்கள். தொண்ணூறு நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்று கணக்கு வாராக்கடன் ஆகிவிட்ட பிறகு, மனமிரங்கும் மேலாளருக்கும் கை கட்டப்பட்டுவிடும். கல்விக்கடன் தவணையைக் கட்டுவதற்காகக் கிரெடிட் கார்டில் பணம் எடுக்காதீர்கள். மாதம் மூன்றரை சதவிகிதமும் அதற்கு மேலும் வட்டி கேட்கக்கூடிய இடம் அது. வேலையில் சேரும்போது இன்று பெறும் இந்தச் சான்றிதழின் அசலை எவரிடமும் அடகுபோல ஒப்படைத்துவிடாதீர்கள்.

இனி, பின்வரிசையில் அமர்ந்திருக்கும் உங்கள் பெற்றோர்களைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் கடன் பத்திரங்களில் உங்கள் கையெழுத்துக்குக் கீழே இன்னொரு கையெழுத்து இருக்கிறது. எத்தனையோ தந்தையரும் தாயரும், ஆங்கிலத்தில் அச்சிட்ட பல பக்கங்களில் நான் விரல் வைத்துக் காட்டிய இடத்திலெல்லாம், என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறைகூடக் கேளாமல், "பிள்ளை படிச்சாப் போதும் சார்" என்று கையெழுத்திட்டதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அந்தத் தொகை தெரியாது. தெரிந்தால் வருந்துவார்களென்று நீங்கள் சொல்வதில்லை, கேட்டால் நீங்கள் வருந்துவீர்களென்று அவர்கள் கேட்பதில்லை. இன்று வீட்டுக்குச் சென்றதும் அந்தப் பத்திரத்தைத் தேடி எடுங்கள். அவர்களை அருகில் உட்கார வைத்து, பாக்கி எவ்வளவு, வட்டி எவ்வளவு, எந்த ஆண்டு முடியும் என்று தமிழில் படித்துக் காட்டுங்கள். பட்டச் சான்றிதழை அதற்குப் பிறகு காட்டலாம்.