ஸ்வே பாருக்கு முன்னாடி புஷ்ஷைப் பாருங்க

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குற எல்லாருக்கும் கொஞ்ச நாள்ல ஒரே கேள்வி வந்துடும்: "வளைவுல வண்டி சாயுது, தடிமனான ஸ்வே பார் போட்டா சரியாயிடுமா?" சாய்வு கண்டிப்பா குறையும். ஆனால் முப்பது வருஷம் ஓடின வண்டியில் அதுக்கு முன்னாடி முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கு. இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம்.

உதாரணத்துக்கு நான் ஓட்டுற வண்டியையே எடுத்துக்கலாம். முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. நான் இருக்கும் அமெரிக்காவில் மியாட்டா என்பார்கள். 1989-இல் அறிமுகமானது. ஆரம்ப கால 1.6 லிட்டர் மாடலின் எடை ஒரு டன்னுக்குள்தான். நான்கு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன். வழுக்கும்போது நம்மைக் காப்பாற்ற எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் எதுவும் கிடையாது.

ஸ்வே பார் என்பது 'ப' வடிவத்தில் வளைத்த ஒரு ஸ்பிரிங் ஸ்டீல் கம்பி. அதன் நடுப்பகுதி வண்டியின் உடம்போடும், இரண்டு முனைகளும் இடது வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனோடும் இணைந்திருக்கும். இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறி இறங்கினால் பார் சும்மா இருக்கும். வளைவில் ஒரு பக்கம் அமுங்கி மறுபக்கம் எழும்பும்போது, ஈரத் துணியைப் பிழியுற மாதிரி அது முறுக்கப்படும். அந்த முறுக்கை எதிர்ப்பதுதான் அதோட வேலை.

இங்கே ஒரு கணக்கு முக்கியம். பாரின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 19 மில்லிமீட்டர் பாரை எடுத்துட்டு 22 போட்டா, கூடுவது 3 மில்லிமீட்டர்தான். விறைப்போ ஏறக்குறைய 80 சதவீதம் கூடிவிடும். அதனால் "இன்னும் கொஞ்சம் தடிமனா போடுவோமே" என்பது சின்ன முடிவு இல்லை.

ஸ்வே பார் டயருக்குப் பிடிமானத்தை உண்டாக்காது என்பதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க. எந்த அச்சில் பாரை விறைப்பாக்குறோமோ, அந்த அச்சில் உள்பக்க டயரின் பாரம் இன்னும் அதிகமா வெளிப்பக்க டயருக்கு மாறும். பாரம் அப்படி ஒரு பக்கமாகக் குவியக் குவிய, அந்த ஜோடி டயர்களின் மொத்தப் பிடி குறையும். முன்னாடி விறைப்பாக்கினால் முன்சக்கரம் முதலில் வழுக்கும். வண்டி வளைவை விட்டு அகலமாகப் போகும், காலை எடுத்தா பெரும்பாலும் அடங்கிடும். பின்னாடி விறைப்பாக்கினால் பின்பக்கம் முதலில் வழுக்கும். அப்போ பயந்து சட்டென்று காலை எடுத்தா நிலைமை இன்னும் மோசமாகும்.

என் நண்பர் ஒருவர் இதே மாடலைப் பழைய வண்டியாக வாங்கினார். முந்தைய உரிமையாளர் பின்னாடி மட்டும் தடி பார் மாட்டியிருந்தார். காய்ந்த ரோட்டில் வண்டி பிரமாதமா திரும்பிச்சு. ஒரு மழை நாளில், ஃப்ரீவேயிலிருந்து இறங்கும் வளைவில் ஆக்சிலரேட்டரை விட்டார். வண்டி பம்பரமா சுத்தி, புல்தரையில் ஏறி நின்னுது. அவருக்கு ஒண்ணும் ஆகலை. பின்னாடி ஒரு லாரி வந்திருந்தா கதையே வேற.

சரி, முன்னாடி செய்ய வேண்டிய வேலைன்னு சொன்னேனே, அது ரப்பர் புஷ். வயசான ரப்பர் வெடிக்கும், இளகும், அதன் துளை நீள்வட்டமாகும். அந்த நிலையில் புது பார் போட்டா, பார் முறுக ஆரம்பிக்கும் முன்பே புஷ் நசுங்கி இடம் கொடுத்துடும். கன்ட்ரோல் ஆர்ம் புஷ் தேய்ந்திருந்தால் வளைவில் சக்கரத்தின் கோணமே மாறும். அதை எந்த ஸ்வே பாரும் சரிசெய்யாது. வேகத்தடையில் 'டக் டக்'னு சத்தம் வந்தா முதலில் லிங்க்கையும் புஷ்ஷையும் ஆட்டிப் பாருங்க.

இப்போ மாட்டும் முறை. வண்டியை இரண்டு பக்கமும் சம உயரத்தில் ஜாக் ஸ்டாண்டில் நிறுத்துங்க. வெறும் ஜாக்கை நம்பி அடியில் போகவே கூடாது. ஒரு பக்கம் மட்டும் தூக்கினா பார் முறுக்கிக்கிட்டு நிற்கும், போல்ட்டு வராது. எங்க ஊர் மாதிரி பனிக்கு உப்பு தூவுற இடத்தில் ஓடிய வண்டின்னா, துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாளே அடிச்சு வைங்க.

நடுவில் மாட்டும் புஷ் புது பாரின் அளவுக்குப் பொருந்தணும். பாலியூரித்தேன் புஷ்னா, அதோடு வரும் கிரீஸை உள்ளே நல்லா தடவுங்க. இல்லேன்னா கீச் கீச்சுன்னு கத்தும். கிளாம்பை இறுக்கின பிறகு, லிங்க் மாட்டும் முன்னாடி, பார் கையாலேயே சுழலணும்.

கன்ட்ரோல் ஆர்மின் ரப்பர் புஷ் இரண்டு பக்கமும் உலோகத்தோடு ஒட்டியிருக்கும். அதன் போல்ட்டை சக்கரம் தொங்கும்போது கடைசி இறுக்கு இறுக்காதீங்க. வண்டி வழக்கமான உயரத்தில், தன் பாரத்தோட நிற்கும்போதுதான் இறுக்கணும். மாத்தி செஞ்சா ரப்பர் எப்போதும் முறுக்கியே இருந்து சீக்கிரம் கிழியும். நீளம் மாற்றக்கூடிய லிங்க் இருந்தா, வண்டி தரையில் நிற்க, ஓட்டுநர் சீட்டில் ஆள் உட்கார்ந்திருக்க, பாரில் முறுக்கு இல்லாத மாதிரி அமைங்க. இல்லேன்னா இடது வளைவில் ஒரு மாதிரியும் வலது வளைவில் வேற மாதிரியும் நடந்துக்கும்.

கன்ட்ரோல் ஆர்ம் போல்ட்டைத் தொட்டிருந்தா கடைசியில் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

என் வரிசை இதுதான்: முதலில் நல்ல டயர், அப்புறம் புஷ்ஷும் லிங்க்கும், அப்புறம் முன்பக்க பார் மட்டும். பின்பக்க பாரை கம்பெனி கொடுத்தபடியே விட்டுட்டு ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டிப் பாருங்க. பிறகும் தேவைன்னு தோணினா பின்பக்கத்தைப் பற்றி யோசிக்கலாம். ஒரே சனிக்கிழமையில் எல்லாத்தையும் மாத்தினா, எது என்ன செஞ்சுதுன்னு உங்களுக்கே தெரியாது.

அடுத்த எபிசோடில் டயரைப் பற்றிப் பேசலாம். பத்திரமா ஓட்டுங்க.