தலையெழுத்தா? மூளையின் வேலையா?

(தஞ்சை ஜில்லா கிராமக் கூட்டமொன்றில் பேசியதின் சாரம்)



ஒரு பையன் பள்ளிக்கூடத்தில் ஓரிடத்தில் உட்காருவதில்லை. எடுத்த காரியத்தை முடிப்பதில்லை. உபாத்தியாயர் முகம் சிவக்க முறைத்தாலும் சிரித்துக்கொண்டே இருக்கிறான். உடனே நாம் செய்வதென்ன? உபாத்தியாயர் பிரம்பை எடுக்கிறார். தாயார் தாயத்துக் கட்டுகிறார். ஜோசியன் ஜாதகத்தை விரித்து, சனி பிடித்திருக்கிறது என்று சொல்லிக் காசு வாங்குகிறான். அந்தப் பிள்ளையின் மூளையைப் பற்றி நினைத்தவர் யார் என்று கேட்கிறேன்.

புத்தியில் குறைவில்லாத பிள்ளைகளுக்கும் இந்தக் கவனக் குறைபாடு உண்டென்று 1902-லேயே லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற டாக்டர் எடுத்துச் சொன்னார். 1929-ல் ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மன் டாக்டர், மண்டையைத் திறக்காமலே மூளையின் மின்சார அலைகளைப் பதிவு செய்ததை வெளியிட்டார். அந்த வழியிலே இன்று பார்க்கிறார்கள். ஒரு முகத்தைக் கண்டவுடன், ஒரு வினாடியை ஆயிரம் பங்காக்கினால் சுமார் 170 பங்கு நேரத்தில், வளர்ந்தவர் மூளையில் ஓர் அலை எழுகிறது. சிறு பிள்ளைகளுக்குச் சற்றுத் தாமதமாகும். கவனக் குறைபாடுள்ள பிள்ளைகள் கோபமுகம், பயந்தமுகம் இவைகளை அறிவதில் மற்றவர்களைவிடச் சராசரியில் அதிகம் தவறுகிறார்கள். அவர்கள் மூளை அலைகளிலும் வித்தியாசம் இருப்பதாகப் பல ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. எல்லா ஆராய்ச்சியும் ஒரே முடிவைச் சொல்லவில்லை என்பதும் வாஸ்தவமே.

ஆகவே உங்கள் கோபத்தை அவன் அலட்சியம் செய்தான் என்பதைவிட, உங்கள் முகத்தை அவன் சரியாகப் படிக்கவில்லை என்பதே உண்மையாக இருக்கலாமல்லவா? மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு நேரத்தில் வராவிட்டால், வாய்க்காலைப் பார்ப்போமா, வயலை உதைப்போமா?

ஜோசியத்தை விட்டு மிஷினைக் கும்பிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த அலை பல பிள்ளைகளின் சராசரிக் கணக்கு. அதை மட்டும் பார்த்து ஒரு பிள்ளைக்கு இந்தக் குறை உண்டென்று முடிவு கட்ட முடியாது. வீட்டிலும் பள்ளியிலும் நடப்பதை விசாரித்து டாக்டர்தான் சொல்லவேண்டும்.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். 2013-ல் ஏற்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின் பட்டியலில் இந்தக் கோளாறும் இருக்கிறது. பள்ளியில் அடிப்பதை 2009-ஆம் வருஷத்துக் கல்விச் சட்டமே தடுத்துவிட்டது. வீட்டிலே, முறைத்துப் பார்ப்பதை விட்டு, “எனக்குக் கோபம் வந்திருக்கிறது, இதைச் செய்யாதே” என்று வாயால் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

தாயத்து வாங்கும் காசை பஸ்ஸுக்குக் கொடுங்கள். பிள்ளை பிழைத்துப்போவான் என்று சொல்லி முடித்துக்கொள்கிறேன்.