நட்ட கிளையும் நட்ட கொம்பும்

பத்து காவானில் கூடியிருக்கும் இந்த அவைக்குச் செம்பருத்தியின் பெருமையை எடுத்துரைக்கத் தேவையில்லை. தோட்டத்து லயன் வீடுகளுக்கு வேலியாக நின்று, காளியம்மனுக்கு மாலையாகி, 1960இல் ‘புங்கா ராயா’ என்னும் பெயரோடு நாட்டின் தேசிய மலராக உயர்ந்த செடி அது. ஒரு கிளையை ஒடித்து ஈரமண்ணில் ஊன்றினால் போதும், வேர்பிடித்துத் தழைத்துவிடும்.

பட்டினப்பாலை காட்டும் பரதவரும் ஒன்றை நட்டனர். சுறவின் கோட்டை மண்ணில் ஊன்றித் தெய்வமாக வணங்கினர். அது வேளாமீனின் கொம்பே எனக் கொள்வது பொருத்தமாகத் தோன்றுகிறது. இருபுறமும் பல் பதித்து வாளென நீண்ட மூக்கையே கொம்பு என்பர். சுறாவின் தோற்றம் இருந்தாலும் வேளா திருக்கை வகையைச் சேர்ந்தது. செவுள் பிளவுகள் உடலின் அடிப்புறம் அமைந்திருப்பதே அதற்கு அடையாளம். கலங்கிய கழிமுகத்தில் இரையின் உடலிலிருந்து எழும் நுண்ணிய மின்புலத்தை அக்கொம்பு உணர்ந்துவிடும். தாயின் வயிறு கிழியாதிருக்க, குட்டியின் கொம்பு மெல்லிய உறை பூண்டே பிறக்கிறது. அந்தக் கொம்புதான் வலையில் சிக்கி அதன் உயிருக்கு எமனாகிறது. செம்பருத்தியின் நட்ட கிளை தழைக்கும். வேளாவின் நட்ட கொம்பு தழைக்காது.

உலகில் எஞ்சியுள்ள 5 வேளா இனங்களும் அழியும் நிலைக்குத் தள்ளப்பட்டுள்ளன. 2013க்குள் அவை அனைத்தின் பன்னாட்டு வணிகமும் தடைசெய்யப்பட்டது. ஆயினும் அந்தத் தடை கடலுக்குள் விரித்த வலையைத் தடுப்பதில்லை. 2014இல் திறக்கப்பட்ட இரண்டாம் பினாங்குப் பாலம் இவ்வூருக்குப் பெருமைதான், அதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் வளர்ச்சியின் பெயரால் அலையாத்திக் காட்டை வீண்நிலம் என மேடைதோறும் முழங்குவோர், வேளாக்குட்டிகள் வளர்வது அக்காட்டின் சேற்று நீரில்தான் என்பதை அறியாமல் பேசுகின்றனர். அறிந்தும் பேசினால் அது பெரும்பிழை.

மாலைக்கு உரியவர் அவர்கள் அல்லர். சிக்கிய வேளாவைக் கண்டதும், கடன்பட்டு வாங்கிய வலை போனாலும் போகட்டும் என்று அறுத்துவிடும் மீனவர் எவரோ, அவரே இந்த மேடைக்கு உரியவர். அவர் பெயரை எந்தச் செய்தித்தாளும் அச்சிடுவதில்லை, எந்த அவையும் அழைப்பதில்லை. தேசிய மலருக்கு ரிங்கிட் நோட்டில் இடம் தந்த நாடு, அம்மீனவர் அறுத்த வலைக்கு உரிய விலையையாவது கொடுக்க வேண்டும்.