கவுல் கேட்டு வாங்கிய ஊர்



வனவிலங்குச் சட்டத்தைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். அதைப் பேச மதுராந்தகத்தைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் இல்லை. பக்கத்தில் வேடந்தாங்கல் ஏரி இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அந்த ஏரிக்கு வந்து, கூடு கட்டியிருந்த பறவைகளைச் சுட்டுத் தள்ளினார்கள். ஊர் மக்கள் பொறுக்கவில்லை. கிளம்பிப் போய்ச் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டார்கள். இந்தப் பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் ஒரு கவுல், அதாவது எழுத்துமூலமான உறுதி, கொடுத்தார். அந்தக் கவுல் 1858-இல் மீண்டும் உறுதி செய்யப்பட்டது. சரணாலயம் என்ற அங்கீகாரம் 1936-இல்தான் வந்தது. நாடு முழுமைக்குமான வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்ததோ 1972-இல்.

துப்பாக்கி வைத்திருந்தவன் ஆளும் கூட்டத்தைச் சேர்ந்தவன். எதிர்த்துக் கேட்டவர் கோவணம் கட்டிய விவசாயி. அவர் ஏன் கேட்டார்? கடப்ப மரத்திலும் கருவேல மரத்திலும் ஆயிரக்கணக்கில் வந்து அடையும் நாரையும் வக்காவும் நீர்க்காகமும் இடுகிற எச்சம் ஏரித் தண்ணீரில் கலக்கிறது. மதகு திறந்தால் அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாய்கிறது. காசில்லாமல் கிடைக்கும் உரம் அது. பறவை போனால் விளைச்சலும் போகும் என்று எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித் தராமலே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்றைக்கு வனச்சட்டம் என்றாலே, அதிகாரிகள் நம் தலையில் கட்டிய சுமை என்று பேசுகிறோம். இந்த மண்ணில் அது மக்கள் நடந்து போய்க் கேட்டு வாங்கியது. அதைச் சொல்லத்தான் நான் இந்த மேடைக்கு வந்தேன்.

1972 சட்டம் வந்தபோதுகூட, லைசென்ஸ் வாங்கிக்கொண்டு சில விலங்குகளை வேட்டையாட இடமிருந்தது. 1991 திருத்தம் அந்த லைசென்ஸ் முறைக்கு முடிவு கட்டியது. இப்போது வேட்டை என்றால் துப்பாக்கியால் சுடுவது மட்டுமல்ல. கண்ணி வைப்பதும், வலை விரித்துப் பிடிப்பதும், விஷம் வைப்பதும் வேட்டைதான். பறவையின் முட்டையை உடைப்பதும் கூட்டைக் கலைப்பதும்கூடச் சட்டத்தின் கண்ணில் வேட்டை. சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கென்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

இவ்வளவு இருந்தும் மழைக்காலம் வந்தால் நம் ஏரிக்கரைச் சாலைகளில் என்ன நடக்கிறது? கொக்கையும் மடையானையும் காலைக் கட்டிக் கொத்தாகத் தொங்கவிட்டு விற்கிறார்கள். பலவற்றுக்கு உயிர் இருக்கும். தலைகீழாகத் தொங்கியபடி கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். பைக்கை நிறுத்தி விலை கேட்பது யார்? நம் ஊர்க்காரர்கள்தான். பிடிபட்டால் ஜெயிலுக்குப் போகிறவர் கண்ணி வைத்த ஏழை. வாங்கித் தின்றவர் வாயைத் துடைத்துக்கொண்டு போய்விடுகிறார். எனக்கு இதில் வாங்குபவர் மேல்தான் கோபம். வாங்க ஆளில்லை என்றால் அடுத்த வாரம் அந்தக் கண்ணியே இருக்காது.

ஏழை என்று சொன்னேன். இங்கே அரசுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. அதுவும் நம் மாவட்டத்துப் பாடம்தான். இருளர்களை உங்களுக்குத் தெரியும். வரப்பில் எலி வளையைப் பார்த்தே உள்ளே எலி இருக்கிறதா பாம்பு இருக்கிறதா என்று சொல்லிவிடும் ஆட்கள். தலைமுறையாகப் பாம்பு பிடித்துத் தோலை வியாபாரிகளுக்கு விற்றுப் பிழைத்தார்கள். 1972-இல் சட்டம் வந்தது. 1976-இல் பாம்புத்தோல் ஏற்றுமதியும் நின்றது. சட்டம் சரிதான். ஆனால் அடுப்பு அணைந்தது இருளர் குடிசையில். ஒரு நாள் தொழிலாளியாக இருந்தவர் மறுநாள் குற்றவாளி.

அத்தோடு விட்டிருந்தால் அந்தச் சட்டம் பாதிச் சட்டம். 1978-இல், பாம்பு ஆய்வாளர் ராமுலஸ் விட்டேகர் துணை நிற்க, இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இன்றும் அதைப் பார்க்கலாம். வரிசையாக மண்பானைகள், ஒவ்வொன்றின் வாயிலும் துணி கட்டியிருக்கும். உள்ளே நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். எத்தனை பிடிக்கலாம் என்று அரசு அளவு வைத்து அனுமதி கொடுக்கிறது. பாம்பைச் சில வாரங்களே வைத்திருப்பார்கள். இடைவெளி விட்டு நான்கு முறை விஷம் எடுப்பார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் ஒரு சிறு அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுவார்கள். மறுபடி அதே பாம்பு கையில் சிக்கினால் அந்த அடையாளம் சொல்லிவிடும், பிடித்து வைக்க மாட்டார்கள்.

பாம்புக்கடிக்கு ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறார்களே, அந்த மருந்தைத் தயாரிக்க இந்தியா பெருமளவு நம்பியிருப்பது இந்தப் பானைகளிலிருந்து போகும் விஷத்தைத்தான். இந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலையும் மாசி சடையனையும் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைத்துப் போனார்கள், அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைத் தேடிப் பிடிப்பதற்கு. 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. வேட்டையைத் தடுத்த சட்டமே, உயிர் காக்கும் மருந்துக்காக விஷம் எடுக்கவும் வழி வைத்திருக்கிறது. தடுப்பதோடு நிற்காமல், தடுக்கப்பட்டவன் கைத்திறனுக்கு வேலையும் கொடுத்தால் அதுதான் நல்ல அரசு.

கொல்கிறவரைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அன்பு வைத்துக் கெடுக்கிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் நம்மில் பலர் இருக்கிறோம்.

ஏற்காடு, கொடைக்கானல், வால்பாறை, எந்த மலைப்பாதையில் போனாலும் பாருங்கள். வளைவில் கார் நிற்கும். கண்ணாடி இறங்கும். சிப்ஸ் பாக்கெட்டோ, வாழைப்பழமோ, பிஸ்கட்டோ வெளியே பறக்கும். குட்டியை வயிற்றோடு கட்டிக்கொண்டு தாய்க் குரங்கு சாலைக்கு ஓடி வரும். குழந்தைகள் கைதட்டுவார்கள், அப்பா படம் எடுப்பார். புண்ணியம் செய்த நிறைவோடு கார் போய்விடும். பின்னால் வரும் லாரிக்கு அந்தக் குரங்கைத் தெரியாது. சாலையோரம் நசுங்கிக் கிடக்கும் குரங்குகளில் பலவற்றைச் சாலைக்கு வரவழைத்தது நாம் வீசிய பாக்கெட்தான். தப்பிப் பிழைப்பவை காட்டில் இலையும் பழமும் தேடுவதை விட்டுவிட்டு, கையில் பை வைத்திருப்பவரைத் தேடுகின்றன. கொடுக்காதவரைக் கடிக்கின்றன. பிறகு நாமே மனு எழுதுகிறோம், குரங்குத் தொல்லை, கூண்டு வையுங்கள் என்று. வனத்துறை பலகை வைத்து அபராதம் போடுவது இதனால்தான்.

யானையையும் நாம் விட்டுவைக்கவில்லை. மசினகுடிப் பக்கம் ரிவால்டோ என்று செல்லப் பெயர் வைக்கப்பட்ட ஒரு காட்டு யானை. தும்பிக்கையில் காயம் பட்டது. இரக்கப்பட்டுப் பழம் கொடுக்கத் தொடங்கினார்கள். இரக்கம் பழக்கமாகி, யானை வீட்டு வாசல்களுக்கு வந்து நின்றது. முடிவில் 2021 மே மாதம் அதை மரக்கூண்டில் அடைக்க வேண்டிவந்தது. ஆகஸ்டில் முதுமலைக் காட்டுக்குள் கொண்டுபோய் விட்டார்கள். அது பெருந்தொலைவு நடந்து பழைய இடத்துக்கே திரும்பி வந்தது. பழம் கொடுத்த ஒவ்வொருவரும் நல்ல மனம் படைத்தவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த நல்ல மனத்துக்கு விலை கொடுத்தது யானை.

வளர்ப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்திருப்பது குற்றம். பாசத்தோடு வளர்க்கிறேன், பேர் சொன்னால் வருகிறது என்பதெல்லாம் பதிலாகாது. பனைமரப் பொந்திலிருந்து குஞ்சை எடுத்து, இறகை நறுக்கித்தான் அது உங்கள் வீட்டுக்கு வந்தது. நட்சத்திர ஆமையை வைத்தால் அதிர்ஷ்டம் என்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். வெளிநாட்டு அபூர்வ விலங்கு வைத்திருப்பவர்களும், சட்டத்தின் பட்டியலில் உள்ள இனமென்றால், பதிவு செய்தாக வேண்டும் என்று 2024-இல் விதி வந்துவிட்டது.

விவசாயி ஒருவர் எழுந்து என்னைக் கேட்கலாம்: "ஐயா, ராத்திரியோடு ராத்திரியாகக் கடலைக் கொல்லையைப் பன்றி உழுதுவிட்டுப் போகிறதே, நான் யாரிடம் கவுல் கேட்பது?" நியாயமான கேள்வி. பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காய் என்ற வெடி யானையின் தாடையையும் கிழிக்கிறது, மாட்டின் வாயையும் சிதைக்கிறது. ஆகவே அது வழியல்ல. ஆனால் வழி காட்டாமல் தடை மட்டும் போடுவதும் அநியாயம். காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடக்கூடாது, 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விடலாம், 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனப் பணியாளர்கள் சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. நான் இதை ஆதரிக்கிறேன். துப்பாக்கி தனியார் கைக்குப் போகாமல், விவசாயியும் கைவிடப்படாமல் இருக்க இது ஒரு வழி. ஆனால் பயிர் இழப்பீடு அடுத்த பயிர் அறுவடைக்குப் பிறகு வந்தால் யாருக்கு என்ன பயன்? விஷம் வைக்கும் கையைத் தடுப்பது, நேரத்தில் வரும் இழப்பீடுதான்.

ஆகவே நண்பர்களே, என் வேண்டுகோள் இது. அக்டோபர் 2 கிராம சபைக்கு ஒவ்வொருவரும் போங்கள். எங்கள் ஏரியில் கண்ணி வைக்கவும் பறவை விற்கவும் வாங்கவும் விடமாட்டோம் என்று ஒரு தீர்மானம் போடுங்கள். பயிர் இழப்பீட்டை இத்தனை நாளுக்குள் கொடு என்று அரசைக் கேட்டு, அதே கூட்டத்தில் இன்னொரு தீர்மானமும் போடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். வீட்டில் கிளிக்கூண்டு இருந்தால் நாளைக்கே வனச்சரக அலுவலகத்தில் கிளியை ஒப்படையுங்கள்.