பொழுதுபோக்கு செதுக்குகிறது!

(பட்டிமன்றத் தலைப்பு: பொழுதுபோக்கு மனிதனைச் செதுக்குகிறதா? சிதைக்கிறதா?)

அன்புக்குரிய நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, மேடையையும் மைக்கையும் ஒருசேரச் சூடாக்கிவிட்டுப் போயிருக்கிற எதிரணி நண்பர்களே! என் அணித் தோழர்களே! தொலைக்காட்சி முன்னால் பொழுதுபோக்காக உட்கார்ந்துகொண்டு, பொழுதுபோக்கு தேவையா என்று கேட்டுக்கொண்டிருக்கிற அன்பர்களே! (சிரிப்பு)

எதிரணி அம்மையார் ஒரு கேள்வி கேட்டார்கள். "நாற்பது வயசு ஆம்பளை, பெண்டாட்டி பிள்ளையை விட்டுட்டு பொம்மை வச்சு விளையாடினா, அதுக்குப் பேரு பொழுதுபோக்கா, பைத்தியமா?" பலத்த கைதட்டல். நானும் தட்டினேன். ஏன் தட்டினேன்? இதே கேள்வியை 2009-ஆம் ஆண்டு நானே கேட்டிருக்கிறேன். யாரிடம்? என் உடன்பிறந்த தம்பியிடம். கேட்டுவிட்டு நான் தலைகுனிந்த கதையைத்தான் இன்றைக்கு என் வாதமாக வைக்கப் போகிறேன்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம். டெட்ராய்ட் நகரத்துக்குப் பக்கம். கார்களுக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு நிறுவனத்தில் என் தம்பி பதினைந்து வருஷம் இன்ஜினியர். 2009 ஏப்ரலில் கிரைஸ்லர் திவால் மனு கொடுத்தது. ஜூன் 1-ஆம் தேதி ஜெனரல் மோட்டார்ஸே கொடுத்தது. ஆலமரம் சாயும்போது அதில் கூடு கட்டின குருவி என்ன செய்யும்? தம்பிக்கு வேலை போயிற்று.

ஆறுதல் சொல்லலாம் என்று அந்தக் கோடையில் போய் இறங்கினேன். தம்பி எங்கே என்றால், கொழுந்தியாள் கையைக் கீழே காட்டுகிறாள். நிலவறை! இறங்கிப் பார்க்கிறேன். கண்ணில் பூதக்கண்ணாடி, கையில் இடுக்கி, இடுக்கியில் அரிசி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு. மேஜை மேலே ஒரு குட்டி வண்டி. எனக்குக் கோபம் வந்தது. "ஏன்டா, வேலை போச்சுன்னு நாங்க ஊர்ல தூங்கல. நீ இங்க சொப்பு வச்சு விளையாடுறியா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "உக்காருண்ணே" என்றான். அவ்வளவுதான்.

நடுவர் அவர்களே, அது என்ன வண்டி? பிக்கப் டிரக். முன்னால் பார்த்தால் கார், பின்னால் பார்த்தால் திறந்த லாரி. நம்ம ஊர் குட்டி யானைக்கு அமெரிக்கப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். (சிரிப்பு) அவன் செய்துகொண்டிருந்தது 1955-ஆம் ஆண்டு செவ்ரோலே கேமியோ. நிஜ வண்டியில் 25 அங்குலம் என்றால், இதில் 1 அங்குலம். மொத்த வண்டியும் ஏழு, ஏழரை அங்குலத்துக்குள் அடங்கிவிடும்.

பெட்டியைப் பிரித்தால் வண்டி இருக்காது. மரக்கிளையில் காய் தொங்குகிற மாதிரி, சட்டத்தில் துண்டுதுண்டாகத் தொங்கும். வெட்ட வேண்டும். முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். அச்சின் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெயிண்ட் பிடிக்காது. பசை என்றால் நம்ம வீட்டுப் பசை இல்லை. அது பிளாஸ்டிக்கையே இளக்கி, இரண்டு துண்டையும் ஒன்றாக்கிவிடும். ஒரு சொட்டு கூடினால் வண்டியே உருகும்.

அதையும் பெட்டியில் சொன்னபடி செய்தானா? இல்லை. அச்சை மாற்றி வண்டியைத் தரையோடு தாழ்த்தினான். பின்தட்டுக்கு நிஜ மரத்தையே மெல்லிசாகச் சீவிப் பலகை போட்டான். இன்ஜின் வி-8. எட்டு சிலிண்டர். எட்டுக்கும் நூல் மாதிரி ஒயர் இழுக்கிறான். அதுவும் எப்படி? செவ்ரோலே இன்ஜினில் தீப்பொறி விழுகிற வரிசை 1-8-4-3-6-5-7-2. அந்த வரிசை பிசகாமல்! நான் கேட்டேன்: "பானெட்டை மூடினா இதை எவன்டா பார்க்கப் போறான்?" தம்பி சொன்னான்: "வரிசை மாறினா வண்டி ஸ்டார்ட் ஆகாதேண்ணே!" (சிரிப்பு, கைதட்டல்)

அடுத்தது பெயிண்ட். கேண்டி ஆப்பிள் ரெட் என்று ஒரு சிவப்பு. முதலில் சாம்பல் நிற ப்ரைமர். அதன்மேல் வெள்ளி நிறம். அதன்மேல் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிகிற சிவப்பு. வெளிச்சம் சிவப்புக்குள்ளே போய், வெள்ளியில் பட்டுத் திரும்பி வரும். பாகு காய்ச்சின மாதிரி ஆழமாக மின்னும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒவ்வொரு பூச்சுக்கும் சிவப்பு அடர்ந்துகொண்டே போகும். கதவுக்கு நாலு பூச்சு என்றால் பானெட்டுக்கும் நாலுதான். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் இரண்டு வண்டியை ஒட்டுப்போட்ட மாதிரி தெரியும். மெல்லிசாக அடி, காயவிடு, மறுபடி அடி. காயவைக்க என்ன வைத்திருந்தான் தெரியுமா? பழம் உலர்த்துகிற மின்சாரப் பெட்டி! நம்ம வீட்டில் மொட்டை மாடியில் வத்தல். அவன் வீட்டில் நிலவறையில் வண்டி வத்தல். (சிரிப்பு) சூடும் அளவாகத்தான் வைக்க வேண்டும். கூடினால் பிளாஸ்டிக் வளைந்துவிடும்.

மூன்று நாள் அடித்து, நாலாவது பூச்சும் முடிந்தது. தம்பி காபி குடிக்க மேலே போனான். பானெட் தனியாகத் தட்டில் இருக்கிறது. தகதகவென்று மின்னுகிறது. நான் டாக்டர் பட்டம் வாங்கினவன் இல்லையா? ஆராய்ச்சி பண்ணாமல் இருக்க முடியுமா? (சிரிப்பு) காய்ந்துவிட்டதா பார்க்கலாம் என்று, கட்டைவிரல் மேலே, ஆள்காட்டி விரல் கீழே, அப்படியே எடுத்தேன். ஒட்டியது! முனைவர் பட்டம் வாங்கின கட்டைவிரலின் ரேகை, பானெட்டின் நட்டநடுவில், ரிஜிஸ்டர் ஆபீஸ் கைநாட்டு மாதிரி!

தம்பி வந்தான். பார்த்தான். என் கையைப் பார்த்தான். விரலில் சிவப்பு. நான் பேசவில்லை. வேலையை இழந்து, பணத்தை எண்ணிச் செலவழித்துக்கொண்டிருக்கிற ஒருவன், பார்த்துப் பார்த்துச் செய்ததை நான் கெடுத்துவிட்டேன். கோபப்பட அவனுக்கு முழு உரிமை உண்டு. அவன் என்ன செய்தான்? ஒரு துணியை எடுத்து, முதலில் என் விரலைத் துடைத்துவிட்டான். "விடுண்ணே. ஒரு வாரம் நல்லா காயட்டும். தேய்ச்சு மறுபடி அடிச்சுக்கலாம்."

நடுவர் அவர்களே! 'பொறையுடைமை' அதிகாரத்தை வகுப்பில் வருஷா வருஷம் நடத்தியவன் நான். அதை நேரில் பார்த்தது அந்த நிலவறையில்தான். (கைதட்டல்)

அப்போதுதான் அவன் மனசைத் திறந்தான். "நானும் வேலைக்கு எழுதி எழுதிப் போடுறேண்ணே. வேண்டாம்னுகூடப் பதில் வரல. நான் ஒருத்தன் இருக்கேனான்னே சந்தேகமாயிருது. இங்க வந்தா, தேய்ச்சா தேயுது, ஒட்டினா ஒட்டுது. தப்புப் பண்ணினா திருத்த முடியுது. அதுக்காகத்தான் காலையில எந்திரிக்கிறேன்." எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஆறுதல் சொல்லப் போனவனுக்கு, சொல்ல ஒரு சொல் இல்லை.

எதிரணித் தலைவர் கேட்டார், "பொம்மை செய்து உருப்பட்டவன் உண்டா?" உண்டு ஐயா! அமெரிக்காவில் ஃபிஷர் பாடி கிராஃப்ட்ஸ்மன்ஸ் கில்ட் என்று பையன்களுக்கு ஒரு போட்டி. 1930 முதல் 1968 வரை நடந்தது. சொந்தமாக ஒரு காரை வடிவமைத்து, பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் கையாலேயே செய்து அனுப்ப வேண்டும். 1947-இல் சக் ஜோர்டான் என்ற மாணவர் முதல் பரிசு வாங்கினார். 4,000 டாலர் உதவித்தொகை. பிறகு ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்தார். 1986-இல் அதன் வடிவமைப்புப் பிரிவுக்கே துணைத் தலைவரானார். அவர் இளவயதில் வடிவமைத்த பிக்கப் எது தெரியுமா? என் தம்பி மேஜை மேலே இருந்ததே, அதே 1955 கேமியோ! மாதிரி வண்டி செய்தவன் நிஜ வண்டி செய்தான். அந்த நிஜ வண்டி மறுபடி மாதிரி வண்டியாகி ஒரு மனிதனைத் தாங்கியது! (பலத்த கைதட்டல்)

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்கிவிட்டு, ஒன்றைக்கூடப் பிரிக்காதவர்கள் உண்டு. குடும்பப் பணத்தைக் கரைப்பவர்கள் உண்டு. அது சிதைக்கும், எதிரணி சொன்னது அங்கே சரி. ஆனால் அது வாங்குகிற போதை. நான் பேசுவது செய்கிற கையைப் பற்றி. உளி கல்லை மட்டுமா செதுக்குகிறது? பிடித்த கையையும் செதுக்குகிறது.

பதினொரு மாதம் கழித்துத் தம்பிக்கு வேலை கிடைத்தது. வண்டி வாங்கிக் கொடுத்தது என்று சொல்ல மாட்டேன். வேலை வருகிறவரைக்கும் மனிதனை உடையாமல் வைத்திருந்தது அதுதான்.

அடுத்த முறை போனபோது அந்த வண்டி கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. பானெட்டில் என் ரேகை இல்லை. தேய்த்து, மறுபடி நாலு பூச்சு அடித்துவிட்டான். கதவும் பானெட்டும் ஒரே சிவப்பு. "திறந்து பாருண்ணே" என்றான். திறந்தேன். பானெட்டின் அடியில் என் ஆள்காட்டி விரல் ரேகை அப்படியே இருந்தது. "இதை ஏன்டா அழிக்கல?"

"அது அண்ணன் வந்துட்டுப் போன அடையாளம்ணே. இருக்கட்டும்."

பொழுதுபோக்கு மனிதனைச் செதுக்கத்தான் செய்கிறது என்று கூறி, தீர்ப்பை நடுவர் கையில் ஒப்படைக்கிறேன். தீர்ப்பு இன்னும் காயாமல் இருந்தால் நான் தொட மாட்டேன்! (சிரிப்பு)