ஒளியா, சூடா?

தங்கத்தை மில்லிமீற்றரில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு பருமனுள்ள துணிக்கைகளாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டால், தண்ணீர் மாதுளைச் சாறு போலச் சிவக்கும். மைக்கேல் பரடே 1857இலேயே இதை எழுதிவைத்தார். அத்துணிக்கைகள் பச்சை ஒளியை விழுங்குவதால் வரும் நிறம் அது. விழுங்கிய ஆற்றல் முதலில் இலத்திரன்களைச் சேர்கிறது. அந்த இலத்திரன்களைக் கொண்டு இரசாயனத் தாக்கங்களைத் துரிதப்படுத்தலாம் என்கிறார்கள். 2019இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் பிரசாந்த் ஜெயினும் சுங்ஜு யூவும் தங்கத் துணிக்கைகளில் பச்சை ஒளி பாய்ச்சி, காபனீரொட்சைட்டிலிருந்து புரொப்பேன் வரை பெற்றுக் காட்டினார்கள். ஆனால் இப்படி ஆற்றலேறிய இலத்திரன் ஏறத்தாழ ஒரு செக்கனின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு நேரத்திலேயே அந்த ஆற்றலைச் சூடாக இழந்துவிடும். அப்படியானால் வேலை செய்வது ஒளியா, வெறும் சூடா? 2018இல் ரைஸ் பல்கலைக்கழகக் குழு, அமோனியாவைச் சிதைக்க ஒளி உதவுகிறது என்று 'சயன்ஸ்' சஞ்சிகையில் எழுதியது. மறு வருடமே இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழகத்தார், வெப்பநிலை அளந்த விதமே பிழை, எல்லாம் சூட்டின் வேலை என்று மறுத்தார்கள். சூடுதான் காரணமென்றால் தங்கம் எதற்கு, அடுப்பே போதுமே!

இந்த வழக்கைத் தீர்க்க, அத்துணிக்கைகளைப் பூசிய மின்வாயை விட நல்ல இடம் இல்லை என்பது என் கட்சி. அங்கே தாக்கத்தின் வேகத்தை மின்னோட்டமே கணத்துக்குக் கணம் காட்டிவிடும். விளக்கைப் போட்டதும் சட்டென்று எழும் மின்னோட்டம் இலத்திரன்களின் பங்கு, பிறகு மெல்ல மெல்ல ஏறுவது சூட்டின் பங்கு. சீனாவின் சியாமென் பல்கலைக்கழகக் குழு 2019இல் இந்த வழியில்தான் இரண்டையும் பிரித்துப் பார்த்தது. இவ்வளவு சிறிய துணிக்கை சூடாகவும் கணநேரம் போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆகவே கடிகாரத்தை மட்டும் நம்பாமல், இருட்டில் கரைசலைச் சூடாக்கி, மின்னோட்டம் எவ்வளவு ஏறுகிறது என்றும் ஒப்பிட வேண்டும்.

நம்மூர் வெயிலுக்குக் கூரையில் சோலார் பனல் போட்டால் போதாதா என்பது அடுத்த கேள்வி. மின்சாரம்தான் தேவையென்றால் போதும், பனலோடு தங்கத் தூள் போட்டியிட முடியாது. ஆனால் பனல் தருவது மின்சாரம் மட்டுமே. தண்ணீரில் காபனீரொட்சைட்டை மாற்றும்போது மின்னழுத்தத்தைக் கூட்டினால், வேண்டாத ஐதரசனும் சேர்ந்து பெருகக்கூடும். மின்வாயில் ஒட்டிய குறிப்பிட்ட மூலக்கூறை ஒளி தனியே தூண்டுமானால், எது விளைய வேண்டும் என்று தெரிவுசெய்ய இன்னொரு பிடி கிடைக்கும். இன்றைக்கு அது எதிர்பார்ப்புத்தான். ஆனால் சோதித்துப் பார்க்கக்கூடிய எதிர்பார்ப்பு. ஒரு மின்வாய், மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் கருவி, ஒரு பச்சை விளக்கு, நல்லதொரு வெப்பமானி. கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பொறியியல் பீட மாணவர்களே தொடங்கலாம்.